கருத்து எழுதாமல் திருப்பித் தரக் கூடாது

எங்கள் ஊரில் நாவல்கள் சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கியது, மில்லை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டிய மூன்றாம் வருஷம், ஆடிக் காற்று தென்னை மட்டைகளை இழுத்து வந்து தெருவில் போட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மில்லே போன ஊரில் இனி எது போனால் என்ன, எது வந்தால் என்ன என்கிற மனசோடுதான் எல்லோரும் இருந்தார்கள்.

முதலில் தெரிந்தது மாரப்பனால். மில்லில் ஆட்களை வேலை வாங்குகிற ஜாபராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது வெற்றிலையும் நாவலுமாக நாளைத் தள்ளுகிறவர். ஒரு கூட்டுக் குடும்பத்து நாவலைப் படித்துவிட்டு அதன் கடைசித் தாளில், "மூத்த மருமகள் இத்தனை ஏச்சு வாங்கிக்கொண்டு அந்த வீட்டில் இருந்திருக்கக் கூடாது, போயிருக்க வேண்டும்" என்று கருத்து எழுதி முந்தின நாள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் அதே புத்தகத்தை எடுத்த டைலர் வீட்டு அம்மாள், தொண்ணூறாம் பக்கத்தில் மூத்த மருமகள் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழே கால் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டதையும், அதற்கப்புறம் அந்த வீட்டில் சோறு வடிக்க ஆளில்லாமல் மாமியார் மூன்று நாள் கடைத் தேங்காய் பன் தின்றதையும் படித்தார்.

"ஏனுங் மாரப்பண்ணா, அவ கடைசி வரைக்கும் அழுதுட்டே இருந்தான்னு சொன்னீங்க?"

"இருந்தாம்மா. போகோணும்னு எழுதினேன், போயிட்டா. நல்ல புள்ளை."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் அதோடு வீட்டுக்குப் போனார்கள்.

இது நடந்த இடம் தொழிலாளர் படிப்பகம். அதைத் தொடங்கியவன் நான், ஆறுக்குட்டி, மில் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக இருபத்தாறு வருஷம் இருந்தவன். யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மறந்துவிட்டார்கள் என்பதால் இன்னொரு தரமும் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாவது வரைதான். மிச்சமெல்லாம் துண்டறிக்கை படித்துக் கற்றது, பிறகு துண்டறிக்கை எழுதிக் கற்றது. படித்துவிட்டுச் சும்மா இருக்கிறவன் படிக்காதவனைவிட மோசம் என்று அந்தக் காலத்தில் நம்பினேன், ஆகையால் படிப்பகத்துச் சுவரில் நீலப் பெயிண்டில் ஒரே ஒரு விதியை எழுதி வைத்தேன்: கருத்து எழுதாமல் புத்தகத்தைத் திருப்பித் தரக் கூடாது. அதற்காகவே எங்கள் பைண்டர் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் எட்டு வெள்ளைத் தாள் சேர்த்துத் தைப்பார். சங்கம் போயிற்று, கொடிக்கம்பம் போயிற்று, சந்தா கட்டினவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள் போனார்கள், அந்த விதி மட்டும் நின்றது. சாவி ரங்கநாயகியிடம் இருக்கிறது. அவள் என் மனைவி மயிலாத்தாளின் தங்கை. மயிலாத்தாளும் அவளைப் போலவே மில்லில் நூலைக் கழியாகச் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேலை செய்தவள். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் மில் வாசலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போன மூன்று பேரில் ஒருத்தி. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

நாவல்கள் கேட்கின்றன என்பது தெரிந்ததும் ஊர் அதைக் குழாய்த் தண்ணீர் மாதிரி பழகிக்கொண்டது. காலையில் கூட்டம், மாலையில் கூட்டம். ஊதுபத்தி கம்பெனிக்குப் போகிற பெண்கள் டிபன் பாத்திரத்தோடு வந்து நின்று, காசநோயில் கிடந்த கதாநாயகிக்கு நோய் குணமாக வேண்டும் என்று எழுதினார்கள், குணமாயிற்று. முறைப்பையன் குடியை விட வேண்டும் என்று எழுதினார்கள், விட்டான். கைவிட்டுப் போனவன் முட்டி தேயத் திரும்பி வரவேண்டும் என்று எழுதினார்கள், வந்தான், பிறகு வேறொருத்தி அவனைச் சேர்க்கக் கூடாது என்று எழுத, வாசலோடு திரும்பிப் போனான். வில்லன்களுக்கெல்லாம் மூலம் வந்தது. சாதி பார்த்துப் பெண் கொடுக்காத அப்பன்மார் ஒரே வாரத்தில் மனம் மாறிச் சம்மந்தி வீட்டில் கை நனைத்தார்கள். ஆனால் ஆவணி முடிவதற்குள் ஒரு சிக்கல் தலைகாட்டியது. நானூறு பக்க நாவல் ஒன்று, முதல் அத்தியாயத்திலேயே எல்லோரும் எல்லோரையும் மன்னித்துவிட்டதால், பதினோரு பக்கமாகச் சுருங்கிப்போயிற்று. பைண்டர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டார்.

"என்னங்க இது, கல்யாணப் பத்திரிகையாட்ட இருக்குது? இதுக்கு நான் எங்கீங்க தையல் போடறது?"

"யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லாத கதையை எப்படிங்க படிக்கிறது?" என்று டைலர் வீட்டு அம்மாளும் கேட்டார். அவர்தான் அதில் ஒன்பது கருத்து எழுதியவர்.

ஆகவே பொதுக்குழு கூடித் தீர்மானம் போட்டது. ஒரு புத்தகத்துக்கு ஒருவர் ஒரு நாளில் ஒரு கருத்துதான் எழுதலாம், கதையில் யாரையும் கொல்லச் சொல்லக் கூடாது, ஒரு பாத்திரத்துக்கு இரண்டு ஏக்கருக்கு மேல் நிலம் கொடுக்கக் கூடாது. நான் வழிமொழிந்தேன்.

என் கருத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மற்றவர்களைப் போல அழுது எழுதுகிறவன் இல்லை. அண்மையில் படித்தவற்றில் ஒன்று, நகரத்தில் ஒருவன் மாடி ஜன்னலருகே உட்கார்ந்துகொண்டு வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று முந்நூறு பக்கம் யோசிக்கிற நாவல். நல்ல மொழி, நிழலையும் வெயிலையும் பிரித்துப் பிரித்துச் சொல்லியிருந்தார்கள், ஆனால் அவன் சாப்பிடுகிற சோற்றை யார் வடிக்கிறார்கள் என்று ஒரு பக்கத்திலும் இல்லை. "இவன் வேலைக்குப் போக வேண்டும்" என்று எழுதினேன். மறுநாள் ஆறாம் பக்கத்தில் எட்டு மணி ஷிப்டுக்குப் போய்விட்டான், நாவல் அங்கேயே முடிந்துவிட்டது. இன்னொன்று, ஜமீன் வீடு ஒன்று தலைமுறை தலைமுறையாக இடிந்து விழுவதைப் பார்த்து ஆசிரியர் உருகுகிற நாவல். நிலம் குத்தகைக்காரர்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்று எழுதினேன். நாற்பதாம் பக்கத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், மிச்சம் முந்நூறு பக்கமும் அந்தக் குத்தகைக்காரர்கள் வாய்க்கால் தண்ணீருக்காக ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டார்கள். சமீபத்தில் நான் படித்த நாவல்களில் அதுதான் சிறந்தது. நாற்பது வருஷம் துண்டறிக்கை எழுதி ஒரு தெருவிளக்கைக்கூட நகர்த்த முடியாதவன் நான். என் எழுத்து செல்லுபடியாவதை அந்தப் பக்கங்களில்தான் பார்த்தேன். மேல்துண்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன் என்பதை மறைக்கவில்லை.

புரட்டாசியில் அந்தப் பார்சல் வந்தது. "சங்கு ஊதாத மாலை" என்று நாவலின் பெயர். எங்கள் போராட்டத்தைப் பற்றியது. நகரத்திலிருந்து வந்து ரங்கநாயகி வீட்டில் இரண்டு நாள் தங்கி, கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போன ஒரு பெண்மணி எழுதியது. மயிலாத்தாளின் பெயரை ரங்கநாயகியின் சம்மதத்தோடு அப்படியே வைத்திருந்தார். எனக்குப் பெயரே இல்லை, செயலாளர் என்று மட்டும் இருந்தது, அதுவும் முந்நூறு பக்க நாவலில் ஒன்றரை வரி: "நோட்டீஸ் அச்சாக வேண்டிய நேரத்தில் அச்சகத்து இயந்திரத்தின் சக்கரம் உடைந்தது. செயலாளர் கையால் தள்ளிப் பார்த்தும் பயனில்லை." அந்த ஒன்றரை வரியை நான் இரண்டு முறை படித்தேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாற்பத்தோரு வருஷமாக நான் சொல்லிவந்ததுதான்.

நடந்தது இது. வேலைநிறுத்தத்தின் நாற்பத்து மூன்றாம் நாள். வழக்கமாக மில் சங்கு ஊதுகிற மாலை நான்கு மணிக்கு மில் வாசலில் கூட்டம் என்று அறிவித்திருந்தோம். பகல் ஒரு மணிக்கு எனக்குத் தகவல் வந்தது, வெளியூர்ப் போலீஸ் துப்பாக்கியோடு மில்லுக்குள் இறங்கியிருக்கிறது, இன்று சுடுவார்கள் என்று. ஆளை விட்டு வீடு வீடாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் நம்பக் கூடாது என்று விதி வைத்தவன் நான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் முதலாளியின் ஆட்கள், "கூட்டம் இல்லையாம், வீட்டுக்குப் போங்க" என்று வாயால் பரப்பியே ஒரு போராட்டத்தைக் கலைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு, வாய்ச்சொல்லைக் கேட்டுக் கலையாதே, சங்க முத்திரையோடு அச்சடித்த நோட்டீஸ் கைக்கு வந்தால் மட்டும் கலை என்று ஒவ்வொரு வீட்டிலும் நானே போய்ச் சொல்லியிருந்தேன். ஆகவே அச்சகத்துக்கு ஓடினேன். நோட்டீஸ் நான்கு மணிக்கு முன்னால் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

"மாமா, இதுல அக்கா இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல சாகறா" என்றாள் ரங்கநாயகி. மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே சொன்னாள், விலைவாசியைச் சொல்கிற மாதிரி. "எழுதுங்க. சாகக் கூடாதுன்னு எழுதுங்க."

எழுதினேன். "மயிலாத்தாள் சாகக் கூடாது." மறுநாள் காலை பூட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் புரட்டினோம். அவள் தலை வாரி, கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்து, "சங்க நோட்டீஸ் வந்துச்சா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டு, வரவில்லை என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். செத்தாள்.

ஊர் முழுக்க எழுதியது. ஊதுபத்திப் பெண்கள், போலீஸ்காரனுக்குக் கை நடுங்க வேண்டும் என்று எழுதினார்கள், நடுங்கியது, பக்கத்தில் நின்றவன் சுட்டான். டைலர் வீட்டு அம்மாள், மழை பெய்து கூட்டம் கலைய வேண்டும் என்று எழுதினார், பெய்தது, மயிலாத்தாள் நனைந்துகொண்டே நின்றாள். பைண்டர், அவர் எதற்கும் கருத்து எழுதாத மனுஷன், பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும் என்று எழுதினார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்தாள், "போகாதே கண்ணு, சுடப் போறாங்களாம்" என்று அழுதாள். மயிலாத்தாள் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டு, "வாய்ச்சொல்லை நம்பக் கூடாதுக்கா. எங்க வீட்டுக்காரரு சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதைப் படித்த அன்று படிப்பகத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை. கடைசியில் மாரப்பன்தான் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசினார்.

"நான் ஒண்ணு சொல்றனுங் தோழர். மூத்த மருமகளுக்கு ஏழே கால் பஸ் இருந்துச்சு, போனா. இந்தப் புள்ளைக்கு வீட்டுல இருக்கறதுக்கு எது இருக்குது? நோட்டீஸ் வந்தா இருப்பா. நோட்டீஸ் ஏன் வரலை? சக்கரம் ஒடஞ்சு போச்சு. அப்ப நாம அந்தச் சக்கரத்தையில்ல பாக்கோணும்?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். பொதுக்கூட்டத்தில் பேசுகிற குரலில், இது கதை இல்லை, சரித்திரம், சரித்திரத்தைத் திருத்துகிற வேலையை முதலாளிகள் செய்யட்டும், நாம் செய்யக் கூடாது என்றேன்.

"போன மாசம் ஜமீன் நெலத்தையெல்லாம் பிரிச்சுக் குடுத்தீங்களே மாமா, அப்ப எங்க போச்சு உங்க சரித்திரம்?" என்றாள் ரங்கநாயகி.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே அவள் பேனாவை எடுத்து, ரீலிங்கில் கழிகளை எண்ணிப் பழகிய அந்தக் கையால், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: "அச்சு இயந்திரத்தின் சக்கரம் உடைந்திருக்கக் கூடாது." எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நான் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். எழுபத்து மூன்று வயதில் ஓடத் தெரியவில்லை, ஓட வேண்டிய வயதிலும் ஓடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வந்திருந்தார்கள், தின்பண்டம்கூடக் கொண்டுவந்திருந்தார்கள், மயிலாத்தாள் பிழைத்தால் சாப்பிடலாம் என்று. ரங்கநாயகி பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள்.

"சக்கரம் நன்றாகவே சுற்றியது. எழுத்துக் கோத்து முடித்து, அச்சகக்காரர் திருத்திப் பார்க்க முதல் படியை எடுத்துக் கொடுத்தபோது மணி ஒன்றே முக்கால். தோழர்களே, இன்று வாசலுக்கு வர வேண்டாம், வீட்டில் இருங்கள் என்று அதில் இருந்தது. செயலாளர் அதைப் படித்தார். நாற்பத்து மூன்று நாள் தலைநிமிர்ந்து நின்ற ஜனங்களுக்குத் தன் பெயரைப் போட்டு இப்படி ஒரு கோழை வாக்கியத்தை அனுப்புவதா என்று நினைத்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார்."

அவள் நிறுத்தவில்லை. இரண்டரை மணிக்கு இரண்டாம் படி வந்தது, அதையும் அடித்துத் திருத்தினேன். மூன்றே காலுக்கு மூன்றாம் படி, அதையும். அச்சகக்கார நாச்சிமுத்து, "தோழர், போதுங்க, அச்சடிச்சுப் போட்டர்லாங்க" என்று இரண்டு முறை சொன்னதையும், "வாக்கியத்தில் சூடு வேண்டும், நாச்சிமுத்து" என்று நான் சொன்னதையும் அவள் என் குரலிலேயே படிப்பது போலிருந்தது. நாச்சிமுத்து அதை எவரிடமும் சொல்லாமல் செத்துப்போனவர். நான் சொன்ன சக்கரக் கதையைத் தானும் சொல்லி, அந்த நல்ல சக்கரத்தைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டு வேறு சக்கரம்கூட வாங்கி மாட்டியவர். ஆக எனக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒன்றை, எவரும் சொல்லாமல், பொய்யை எடுத்ததும் அந்த இடத்தில் தானாக ஊறி வந்த தண்ணீர் போல அந்த நாவல் வைத்திருந்தது. நோட்டீஸ் நான்கு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஈரம் காயாமல் வந்தது, ஆயிரம் பிரதி. "துப்பாக்கிகளின் முன்னால் நம் வெற்று வாசலை நிறுத்துவோம், அந்த வெறுமையைச் சுட்டுப் பார்க்கட்டும்" என்று முடித்திருந்தேன். இன்று படித்தாலும் நல்ல வாக்கியம். வாசலில் ரத்தத்தை ஒற்றி எடுக்க அதில் ஒரு கட்டைத்தான் பிரித்தார்கள்.

படித்து முடித்ததும் ரங்கநாயகி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். டைலர் வீட்டு அம்மாள் பலகாரப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். யாராவது ஏசுவார்கள் என்று காத்திருந்தேன். ஏச்சுக்கு என்னிடம் பதில் உண்டு, நாற்பது வருஷப் பழக்கம்.

"மூணு தடவையா, மாமா?" என்றாள்.

"மூணு தடவை."

மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு புத்தகத்தைக் கடைசித் தாளுக்குப் புரட்டி என் பக்கம் தள்ளினாள்.

"அந்தாளு பேனாவை வைக்கோணும்னு எழுதுங்க. நீங்களே எழுதுங்க. வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு."

எழுதினேன். கேட்கவில்லை. அடுத்த நாளும் எழுதினேன். மற்ற நாவல்களில் விவசாயி கடனிலிருந்து மீண்டான், விதவை மறுமணம் செய்துகொண்டாள், ஊரை அடித்து உலையில் போட்ட மிட்டாதார்கூட ஒரு வரிக் கருத்துக்குத் தலை வணங்கினார், அந்தச் செயலாளர் ஒருத்தன் மட்டும் ஒன்றே முக்காலுக்குச் சிவப்புப் பென்சிலை எடுத்தான். ஊதுபத்திப் பெண்கள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டு எழுதிப் பார்த்தார்கள். மாரப்பன் ஜாபர் பாஷையில் நான்கு வரி திட்டி எழுதினார். வெள்ளைத் தாள் தீரத் தீர பைண்டர் கூலி வாங்காமல் மேலும் மேலும் சேர்த்துத் தைத்தார், நாவலைவிடக் கருத்து கனமாகி, புத்தகம் அலமாரியில் நிற்காமல் பின்பக்கமாகச் சாய்ந்தது. மெல்ல மெல்ல ஜனங்கள் வேறு நாவல்களுக்குப் போனார்கள், அதில் தப்பில்லை, அங்கே அவர்கள் சொன்னால் நடந்தது. நானும் ரங்கநாயகியும் மட்டும் காலை எட்டு மணிக்கு வந்து பூட்டைத் திறந்தோம். தெருவில் யாராவது என்னைப் பார்த்தால் முன்னைப் போலவே "தோழர்" என்று வணக்கம் சொன்னார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

முந்தாநாள் உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை நாளும் நான் அவனுக்கு எழுதியதெல்லாம் அலங்காரம். தியாகம் என்றும், வரலாற்றின் தீர்ப்பு என்றும் எழுதியிருந்தேன், அவனுக்குப் பிடிக்கும் என்று நினைத்து. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, என் வாழ்நாளில் எழுதியதிலேயே எளிய மூன்று வாக்கியங்களை எழுதினேன்: "பென்சிலைக் கீழே வை. அவள் கிளம்பிவிட்டாள். நோட்டீஸை அனுப்பு." கையெழுத்துப் போடவில்லை, தேதியும் போடவில்லை. ரங்கநாயகி படித்துப் பார்த்துவிட்டு, "இது போதும் மாமா" என்றாள்.

நேற்றுக் காலை அந்தத் தாளைத் திறந்தோம். என் மூன்று வாக்கியங்களின் மேலும் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. கீழே, வலது பக்கம் சாய்ந்து, இரும்புக் கம்பி போல விறைப்பாக, முப்பத்திரண்டு வயதில் இருந்த என் கையெழுத்து: "வாக்கியத்தில் சூடு இல்லை. திருத்தி அனுப்பவும்."

"என்ன மாமா எழுதியிருக்கு?" என்றாள் ரங்கநாயகி. அவள் கண்ணாடியைக் கொண்டுவர மறந்திருந்தாள்.

என் வாக்கியங்களைத் திரும்பப் படித்தேன், ஒரு முறை, இன்னொரு முறை. பென்சிலைக் கீழே வை. அவள் கிளம்பிவிட்டாள். நோட்டீஸை அனுப்பு. அவன் சொன்னது சரிதான், சூடு இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வாக்கியம், என் பெயரைப் போட்டு ஒருவருக்கு அனுப்பக்கூடியது இல்லை. முதல் வார்த்தையை மாற்றினால் ஒருவேளை நிற்கும் என்று பட்டது.

ரங்கநாயகி இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை விரல் வைத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள். மயிலாத்தாள் தலை வாரியாகிவிட்டது. கொடியிலிருந்து துணியை எடுத்தாகிவிட்டது. "அனுப்பிச்சுட்டீங்களா மாமா? செருப்பு மாட்டறா" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

"இதோ" என்றேன். "ஒரு நிமிஷம்." முதல் வார்த்தையை அடித்தேன்.